மலைப்பள்ளிகளில் சுதந்திர தினமும் குடியரசு தினமும்: தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்கள் ஆகஸ்ட் பிறந்ததும், பிறகு பொங்கல் லீவு முடிந்த கையோடும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நானும் கோத்தகிரிப் பக்கம் சின்ன வகுப்புகளுக்குத்தான் எடுக்கிறேன். விழா நடத்துவது எப்படி என்பதைவிட, விழா முடிந்த பிறகு பிள்ளைகள் மனதில் என்ன நிற்கும் என்பதில்தான் எனக்கு அக்கறை. பதில்களும் அப்படித்தான் இருக்கும்.

வருஷம் முழுக்க ஏதாவது ஒரு நாள் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் செயல்பாடு வேண்டுமா?

வேண்டாம். ஜூலை 15 காமராசர் பிறந்த நாள், ஜூலை 18 தமிழ்நாடு நாள், நவம்பர் 14 குழந்தைகள் தினம் என்று பட்டியல் நீளம். இவற்றுக்குக் காலை பிரேயரில் ஐந்து நிமிடம் பேசினால் போதும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 26, ஜனவரி 26 ஆகிய நான்கை மட்டும் ஒரே சங்கிலியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் சங்கிலி என்பது அடுத்த பதிலில்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். "ரெண்டு நாளும் கொடி ஏத்துவாங்க, மிட்டாய் குடுப்பாங்க" என்று பிள்ளைகள் சொல்வது அவர்கள் குற்றமில்லை. இரண்டு நாளையும் நாம் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம்.

நான் செய்வது இது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை வகுப்புக்குள் போனதும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மூன்று சட்டம் போடுவேன். சிவப்பு ஸ்வெட்டர் போட்டவர்கள் மட்டும் முன்னால் உட்காரலாம். தண்ணீர் குடிக்க என் கையெழுத்து வேண்டும். மதியம் விளையாட்டு கிடையாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. அரை மணி நேரத்துக்குள் வகுப்பு கொதித்துவிடும். "டீச்சர், இது அநியாயம்" என்று யாராவது ஒரு வாண்டு எழுந்து சொல்லும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வெள்ளைக்காரன் ஆட்சியில் சட்டம் போட்டது யார், அதற்குக் கட்டுப்பட்டது யார் என்று பேச்சை எடுங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று என்ன கிடைத்தது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிறகுதான் முக்கியமான கேள்வி. "சரி, என் சட்டம் போயிற்று. இனி நம் வகுப்புக்குச் சட்டம் யார் எழுதுவது?" நாடும் இதே கேள்வியோடுதான் நின்றது. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று கூடியது. எழுதி முடிக்க 2 ஆண்டு, 11 மாதம், 18 நாள் ஆயிற்று. 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டார்கள், 1950 ஜனவரி 26 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஜனவரி 26-ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. லாகூர் காங்கிரஸில் முழு விடுதலைதான் வேண்டும் என்று தீர்மானித்த பிறகு, 1930 ஜனவரி 26-ஐத்தான் சுதந்திர நாளாகக் கொண்டாடினார்கள்.

இதே தேதிகளை வகுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் வகுப்புச் சட்டத்தைப் பேச ஆரம்பிக்கட்டும். வாரம் ஒரு பீரியட் போதும். நவம்பர் 26 அன்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்வது, ஜனவரி 26 முதல் அமல். ஒன்றாம் வகுப்பு என்றால் கட்டைவிரல் ரேகை. மூல அரசியலமைப்பைக் கையால் எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ரெய்ஜாடா. பக்கங்களை ஓவியங்களால் அலங்கரித்தவர்கள் நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும். அதைச் சொன்னால், உங்கள் வகுப்புச் சட்டத்தின் ஓரங்களில் மயில், காட்டெருமை, தேயிலைக் கொழுந்து எல்லாம் தானாக வந்து சேரும்.

என்ன சட்டம் எழுதுவார்கள் என்கிறீர்களா? பெரிய தத்துவம் எதுவும் வராது. "பாத்ரூம் போகக் கேட்டால் உடனே விட வேண்டும்." "குடை இல்லாதவரை மழையில் விட்டுவிட்டு ஓடக் கூடாது." "டீச்சரும் லேட்டாக வரக் கூடாது." கடைசிச் சட்டத்தை அடிக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அடிக்காதீர்கள். சட்டம் எழுதியவருக்கும் ஆள்பவருக்கும் சேர்த்துத்தான் என்பது புரிய அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கொடியேற்றுவதிலும் இரண்டு நாளுக்கும் வித்தியாசம் உண்டு என்கிறார்களே?

உண்டு. சுதந்திர தினத்தன்று டெல்லி செங்கோட்டையில் பிரதமர் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுவார். குடியரசு தினத்தன்று கொடி ஏற்கெனவே கம்பத்தின் உச்சியில் கட்டப்பட்டிருக்கும். குடியரசுத் தலைவர் கயிற்றை இழுத்து அதை விரிப்பார். ஒரு ஸ்கேல், கொஞ்சம் நூல், ஒரு கைக்குட்டை இருந்தால் பெஞ்சிலேயே இரண்டையும் செய்து காட்டலாம். எந்த முடிச்சு இழுத்தால் அவிழும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கொடிக்குள் பூவிதழ் வைத்துக் கட்டுவதற்கு விதியில் தடையில்லை.

மூத்த பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம். ஒரு காலத்தில் மாநிலங்களில் இரண்டு நாளும் ஆளுநர்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றைய முதல்வர் கருணாநிதி கேட்டுப் பெற்ற பிறகு, 1974 முதல் சுதந்திர தினத்தன்று முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். கோட்டையில் முதல்வர், குடியரசு தினத்துக்கு ஆளுநர் என்று டிவியில் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

கொடி வரைவதை உருப்படியான செயல்பாடாக்குவது எப்படி?

கணக்கோடு சேருங்கள். கொடியின் நீளமும் அகலமும் 3-க்கு 2. தாளில் 18 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம் என்று எடுத்தால் ஒவ்வொரு பட்டையும் சரியாக 4 செ.மீ. வரும். மூன்றாம் வகுப்புக்கு ஸ்கேல் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மாதிரியும் ஆயிற்று.

சக்கரத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். 24 ஆரங்களைக் கண்ணால் அளந்து போட்டால் ஒரு பக்கம் நெருக்கும், இன்னொரு பக்கம் காலியாக நிற்கும். வழி இருக்கிறது. வட்டமாகக் காகிதத்தை வெட்டி, பாதியாக மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டு மடிப்புக் கோடு கிடைக்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு கோடு சேர்த்தால் எட்டும் பதினாறும் இருபத்து நான்கு. சக்கரத்தின் நிறம் கருநீலம். கறுப்பு ஸ்கெட்சை எடுக்கும் கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குச் சக்கரமே வேண்டாம், மூன்று நிறத்தில் விரல் அச்சு போதும்.

நம் ஊர்க் காய்கறிகளை, அதாவது கேரட், முள்ளங்கி, பீன்ஸ் ஆகியவற்றை வரிசையாக அடுக்குவதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சக்கரமும் வைத்து முழுக் கொடியாகத் தரையில் கோலம் போடுவதை நான் தவிர்ப்பேன். கொடி தரையில் படக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நாமே தரையில் போட்டு அதன் மேல் நடமாடினால் பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள்.

சட்டையில் குத்தும் கொடி?

காகிதக் கொடி மட்டும். பிளாஸ்டிக் கொடிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. நீலகிரியில் பிளாஸ்டிக் கெடுபிடி அதற்கும் முந்தையது. விழா முடிந்ததும் கொடிகளைத் திரும்ப வாங்க ஒரு பெட்டியும், அதற்குப் பொறுப்பாக நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் வேண்டும். இல்லாவிட்டால் பஸ் ஸ்டாப் சேற்றில் கிடக்கும். ஸ்வெட்டரில் குண்டூசி நிற்காது, ஊக்கு வாங்கி வையுங்கள்.

மாறுவேடப் போட்டி வைக்கலாமா?

ஜனவரி காலை ஏழரை மணி, புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. அதில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மேல்சட்டை இல்லாமல், பஞ்சு மீசை ஒட்டி, கையில் கம்போடு நடுங்கிக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பள்ளியில் இந்தக் காட்சி உண்டு. காந்தி அரை ஆடைக்கு மாறியது 1921 செப்டம்பரில், மதுரையில். மதுரை வெயிலுக்குச் சரி. ஊட்டிக் காந்திக்குச் சால்வை போர்த்திவிடுங்கள், யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள்.

வேடத்துக்கு வாடகை கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை ஓரமாக நிற்கும் என்பது அதைவிடப் பெரிய சங்கடம். அதனால் நான் வேடத்தை விட்டுவிட்டு, "ஒரு பொருள், ஒரு ஆள்" என்று வைக்கிறேன். கையில் காகிதக் கப்பல் என்றால் வ.உ.சி.; 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். கொடி என்றால் திருப்பூர் குமரன். 1932 ஜனவரியில் போலீஸ் அடியில் விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடாதவர். மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். திருப்பூர் நமக்கு மலையிறங்கினால் பக்கம்தான் என்பதால் குமரன் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்.

பாடப்புத்தகத்தில் எல்லாம் வடக்கே நடந்தது. நம் மலையைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. 1934 தொடக்கத்தில், தீண்டாமைக்கு எதிரான பயணத்தின்போது காந்தி குன்னூரில் வந்து தங்கினார். ஊட்டி, கோத்தகிரிக்கும் போனார். பாடப்புத்தகத்தின் முன் பக்கங்களில் "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்" என்று அச்சடித்திருப்பதைப் பிள்ளைகள் தினமும் தாண்டிப் போகிறார்கள். அக்டோபர் 2 அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து, இதைச் சொல்லிக்கொண்டு ஒருவர் நம் மலைக்கே வந்தார் என்று சொல்லுங்கள். அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்பதை நவம்பரில் வகுப்புச் சட்டம் எழுதும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் வெலிங்டன். பிரிவினைக்கு முன் ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ் குவெட்டாவில் இருந்தது. 1947-ல் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போகவே, இந்தியா தன் காலேஜை வெலிங்டனில் தொடங்கியது. நாடு இரண்டானதைச் சின்னப் பிள்ளைக்கு ரத்தமில்லாமல் சொல்ல இந்த ஒரு கட்டடம் போதும். 1971 போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்தவர். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அடக்கம் செய்யப்பட்டது ஊட்டியில். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமும் வெலிங்டனில்தான் இருக்கிறது. 1758-ல் தொடங்கிய படை அது. தாத்தாவோ மாமாவோ அதில் இருந்தவர் என்று சொல்ல உங்கள் வகுப்பிலேயே ஒரு பிள்ளை இருக்கும். அவரை அழைத்து வாருங்கள். துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், லீவுக்கு எப்போது வீட்டுக்கு வருவீர்கள், அங்கே யார் சமைப்பார்கள் என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

உப்புச் சத்தியாகிரகத்தை, கடலே பார்க்காத பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது?

உப்பை நம் பிள்ளைகளுக்கு வேறு வழியில் நன்றாகவே தெரியும். படகர் ஊர்களில் மாடுகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பது ஒரு சடங்காகவே நடக்கும். தோடர்களும் எருமைகளுக்கு அப்படிச் செய்வார்கள். மலையில் உப்பு விளையாது, எல்லாம் கீழேயிருந்து ஏறி வந்ததுதான். "உப்பு இல்லாவிட்டால் மனுஷனுக்கு மட்டுமா கஷ்டம்?" என்று ஆரம்பித்தால் பாதி வகுப்பு கை தூக்கும்.

பிறகு கடை விளையாட்டு. தைல மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்கள்தான் காசு, ஆளுக்குப் பத்து. ஒரு பிள்ளை உப்புக் கடைக்காரர், இன்னொன்று வரி அதிகாரி. ஒரு ஸ்பூன் உப்பு ஒரு காய், வரி இரண்டு காய். இரண்டு சுற்றிலேயே முகம் மாறும், மூன்றாவது சுற்றில் அதிகாரியிடம் சண்டைக்குப் போய்விடுவார்கள். அப்போது நிறுத்தி, "அடிக்காமல், திட்டாமல் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். வாங்கமாட்டோம், நாங்களே எடுத்துக்கொள்வோம், எல்லோரும் சேர்ந்து போய்ச் சொல்வோம் என்று வரும். 1930-ல் காந்தி தண்டிக்கும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கும் நடந்தது இதைச் செய்யத்தான் என்று அதற்குப் பிறகு சொன்னால், கதை அவர்கள் கதையாகிவிடும். வரி அதிகாரியாக உட்காரவைக்கும் பிள்ளையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மறுநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்யக்கூடும், அதனால் சுற்றுக்கு ஒருவரை மாற்றுவது நல்லது.

எங்கள் வகுப்பில் படுகு (படகர் மொழி), மலையாளம், கன்னடம் பேசும் பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் உண்டு. எதில் கவனம் வேண்டும்?

பலமொழி வகுப்பு நமக்கு வரம். விழாவில் வரவேற்பை ஒவ்வொரு வீட்டு மொழியிலும் ஒரு வரி சொல்லவிடுங்கள். இருளர், பணியர் வீட்டுப் பிள்ளைகளையும் இதில் விட்டுவிடக் கூடாது. ஆனால் அவர்களை நடனத்துக்கு மட்டும் கூப்பிட்டு, பேச்சுக்கும் கொடிக்கும் வேறு பிள்ளைகளைப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம்.

தாயகம் திரும்பியோர் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்து, டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நிறைய. "உங்க தாத்தா எந்த ஊர்?" என்ற கேள்வியை வகுப்பின் நடுவில் வைக்காதீர்கள். தானாகச் சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லட்டும். குடும்ப மரம் வரையச் சொல்லும் செயல்பாட்டை நான் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பதில், "நம் வீட்டுக்கு வந்த முதல் அடையாள அட்டை எது?" என்று பெற்றோரிடம் கேட்டு வரச் சொல்கிறேன். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை என்று ஏதோ ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும்.

பேச்சுப் போட்டி?

நெட்டுருப் போட்ட பேச்சால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. "அவையோர் அனைவருக்கும்" என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, நடுவில் ஒரு வரி மறந்தால் அழும். மூன்று வாக்கியம் போதும், சொந்தமாக.

தேசிய கீதத்தை எப்படிப் பழக்குவது? பாட மறுக்கும் பிள்ளை இருந்தால்?

நம் விழாக்கள் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப் பண்ணில் முடியும். ரவீந்திரநாத் தாகூர் எழுதிய தேசிய கீதத்தை 1950 ஜனவரி 24 அன்று ஏற்றார்கள். பாட வேண்டிய நேரம் சுமார் 52 விநாடி. கடிகாரம் வைத்துப் பாடிப் பார்த்தால் இழுப்பது எங்கே, ஓடுவது எங்கே என்று அவர்களுக்கே தெரியும். அதில் வரும் பஞ்சாப், குஜராத், மராட்டா, திராவிட, உத்கல, வங்க என்ற பெயர்களை வரைபடத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மத நம்பிக்கை காரணமாகச் சில வீட்டுப் பிள்ளைகள் பாடமாட்டார்கள். மரியாதையாக எழுந்து நின்றால் போதும், பாடும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் கேரளாவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் வழக்கில் சொல்லிவிட்டது. மற்ற பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டால், தயங்காமல் இதையே சொல்லுங்கள்.

ஆகஸ்ட் மழையில் என்ன செய்வது?

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இது கேள்வியே இல்லை, மழை நிச்சயம். கொடியேற்றமும் கீதமும் வெளியே, மீதி எல்லாம் வராந்தாவில். முதல் நாளே கயிற்றை இழுத்துப் பாருங்கள், நனைந்த கயிறு கப்பியில் சிக்கும். சாயங்காலம் கொடியை இறக்குவது யார் என்றும் காலையிலேயே முடிவு செய்யுங்கள். எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில் மறந்துபோவது அதுதான். மடிப்பதையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்: காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போக வேண்டும், சக்கரம் மேலே தெரிய வேண்டும். நனைந்திருந்தால் உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜனவரியில் பூஞ்சை பிடித்து நிற்கும்.

விழா முடிந்து மணி பத்துதான் ஆகிறது. பிறகு?

அன்றைக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றும் கிராம சபை கூடும் நாட்கள். ஊராட்சிப் பகுதியில் பள்ளி இருந்தால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் துணையோடு அழைத்துப்போய்ப் பின்னால் உட்காரவையுங்கள். தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் பெரியவர்கள் எழுந்து பேசுவதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு, "இந்திய மக்களாகிய நாம்" என்ற முகப்புரை வரி வெறும் எழுத்தாக இருக்காது. பள்ளிக்கு வரும் வழியில் யானை நடமாட்டம், உடைந்த படிக்கட்டு என்று ஏதாவது இருந்தால், பிள்ளைகளே ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். முதலில் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

எதிரி நாடு, போர், துப்பாக்கி நாடகம்?

ஐந்தாம் வகுப்பு வரை வேண்டாம் என்பேன். ஜாலியன்வாலாபாக்கை ஆறாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். ராணுவக் குடும்பப் பிள்ளைகள் உள்ள வகுப்பில், அப்பா எல்லையில் இருக்கும்போது சுட்டு விழும் நாடகம் போடுவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் பெற்றோர் "ஒரு டான்ஸ்கூட இல்லையா டீச்சர்?" என்கிறார்களே?

ஒன்று வையுங்கள், தப்பில்லை. பிள்ளைகளுக்கும் ஆசை இருக்கும். உடைக்குச் செலவு வைக்காமல் பள்ளிச் சீருடையிலேயே ஆடட்டும், மொத்த வகுப்பும் ஆடட்டும். படகர் ஆட்டம் தெரிந்த அம்மாக்கள் யாராவது வந்து ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது, பெற்றோரும் விழாவில் சேர்ந்த மாதிரி ஆகும். ஸ்பீக்கருக்கு முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் கரன்ட்டை நம்ப முடியாது.